குதிரை டிராம் பிளாக் செட்: வண்டி அருமை, இழுவையில கோட்டை விட்டுட்டாங்க

இந்த செட் வாங்கி ஒன்றரை மாசம் ஆச்சு. கட்டி, கழட்டி, மறுபடி கட்டி, வீட்ல எல்லாரும் கை வச்சு பாத்தப்புறம் எழுதலாம்னு இருந்தேன். மாடி வச்ச குதிரை டிராம் (தண்டவாளத்துல குதிரை இழுத்துட்டு போற வண்டி), 700 சொச்சம் பீஸ், ஒரு குதிரை, நாலு மனுஷ பொம்மை, நேர் தண்டவாளம் நாலு துண்டு, வளைவு நாலு துண்டு. லெகோ (ஒண்ணோட ஒண்ணு மாட்டி கட்டுற பிளாஸ்டிக் பிளாக்) கிடையாது, லெகோவோட சேருற மாதிரி வேற ஒரு கம்பெனி பண்றது, ஒரே ஒரு செட்டுல பாத்த குறைக்கு அவங்க பேரை இழுக்க வேண்டாம்னு விடுறேன். விலை 3,400 ரூபா.

குன்னூருக்கு வந்து சேர 11 நாள் ஆச்சு, டப்பா ஒரு மூலை நசுங்கியிருந்துச்சு, உள்ள ரெண்டு பீஸ் இல்ல. விக்கிறவங்களுக்கு போட்டோ அனுப்புனேன், மூணு வாரத்துல வந்துருச்சு. அதுல பெரிய குறை ஒண்ணும் இல்ல.

நான் ஆரம்பிச்சது டிசம்பர்ல, வெளிய மழையும் மிஸ்டும், சாயங்காலம் ஆனா கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல அந்த புக்குல கருப்பு எது டார்க் பிரவுன் எதுன்னு சத்தியமா தெரியல. கீழ்ப்பகுதி முழுக்க இந்த ரெண்டு கலர்தான். 40-வது பக்கத்துல மாத்தி வச்சது 90-வது பக்கத்துலதான் தெரிஞ்சுது, பாதி வண்டிய கழட்டுனேன். வாங்குறவங்க பகல்ல, ஜன்னல் பக்கம் உக்காந்து கட்டுங்க, இல்லன்னா முதல்லயே ரெண்டு கலரையும் தனித்தனி தட்டுல பிரிச்சு வச்சுக்குங்க.

ஆனா வண்டி இருக்கே, அது நிஜமாவே விஷயம் தெரிஞ்சவங்க யோசிச்சு பண்ணது. ரெண்டு முனையிலயும் வளைஞ்சு ஏறுற படிக்கட்டு. நடுவுல வட்டமா ஒரு தூண், அதுல ஒவ்வொரு படியா கொஞ்சம் கொஞ்சமா திருப்பி திருப்பி அடுக்கணும், மொத்தம் 16 படி, முடிக்கிறப்போ படிக்கட்டு தானா சுத்திட்டு மாடிக்கு போய் நிக்கும். அத மட்டும் நான் மூணு தடவ கழட்டி கட்டுனேன், அவ்ளோ ஆசையா இருந்துச்சு. மாடியில சீட்டு முதுகோட முதுகு ஒட்டுன மாதிரி நீளமா ஒரே பெஞ்சு, உக்கார்ற ஆளுங்க ரோட்டைப் பாத்து உக்காருவாங்க, பழைய மாடி டிராம் நிறைய இப்படித்தான் இருந்துச்சு.

அளவும் பாத்தேன், எனக்கு அது ஒரு பழக்கம். மனுஷ பொம்மை உயரம் 4 சென்டிமீட்டர், நிஜ ஆள் 168-னு வச்சா நிஜத்துல 42-ல ஒரு பங்கு. பிளாக் மேல இருக்கற குமிழ் ஒண்ணுக்கொண்ணு 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், வண்டி ஆறு குமிழ் அகலம், அப்போ 48 மில்லிமீட்டர், 42-ஆல பெருக்குனா சுமார் 2 மீட்டர். குதிரை டிராம் அகலம் ஏறக்குறைய அவ்ளோதான். நீளம் 22 குமிழ், அது 7.4 மீட்டர் வருது, ரெண்டு பக்க பிளாட்ஃபாரமும் சேத்து பொருத்தம்தான். ஒரு படி உயரம் 3.2 மில்லிமீட்டர், நிஜத்துல 13 சென்டிமீட்டர் சொச்சம், கால் வச்சு ஏறலாம். தண்டவாளம் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். உள் அகலம் 37.5 மில்லிமீட்டர், அப்படின்னா நிஜத்துல 1,575, கிட்டத்தட்ட ஆஸ்திரேலியாவோட 1,600 மில்லிமீட்டர் பிராட் கேஜ் (கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம்). அங்க விக்டர் ஹார்பர்ங்கற ஊர்ல அந்த கேஜ்லதான் குதிரை டிராம் இன்னும் ஓடுது, அதுவும் மாடி டிராம். டப்பாவுல எந்த ஊருன்னு போடல, ஆனா எனக்கு அந்த ஊர் வண்டியாத்தான் தெரியுது.

பொண்ணு கேட்டா, நம்ம ஊர்ல குதிரை டிராம் இருந்துச்சான்னு. மெட்ராஸ்ல 1895-லயே கரண்ட் டிராம் வந்துருச்சு. குதிரை டிராம்னா கல்கத்தாதான் முதல்ல, 1873 பிப்ரவரி 24, சியால்தால இருந்து ஆர்மீனியன் காட் வரைக்கும், ஆனா கூட்டம் வராம அதே வருஷம் நவம்பர்லயே நிறுத்திட்டாங்க. 1880-ல மறுபடி போட்டாங்க, இந்த தடவ மீட்டர் கேஜ், 1902-ல கரண்ட்டுக்கு மாறுனாங்க. பம்பாய்ல 1874-ல ஆரம்பிச்சப்போ கம்பெனி லாயத்துல 900 குதிரை இருந்துச்சுன்னு சொல்வாங்க. ஒரு குதிரை நாளைக்கு சில மணி நேரம்தான் இழுக்க முடியும், ஒரு வண்டிக்கே மாத்தி மாத்தி நிறைய குதிரை வேணும். கல்கத்தாவுல மீட்டர் கேஜ்னு சொன்னதும் எங்க மாமாவுக்கு ஒரே சந்தோஷம், "நம்ம மலை ரயில் கேஜும்மா அது"ன்னாரு. மாமான்னா என் வீட்டுக்காரரோட அப்பா, குன்னூர் லோகோ ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். (கல்கத்தா டிராம் பண்ணணும்னா இந்த அளவுக்கு தண்டவாளம் மூணு குமிழ் அகலம்தான் வரணும், 24 மில்லிமீட்டர். அது இந்த செட்டுல முடியாது.)

வண்டிய மாமா கையில குடுத்தேன். படிக்கட்டு, சீட்டு எதையும் பாக்கல, நேரா கவுத்து கீழ பாத்தாரு. "பிரேக் எங்கம்மா?" ஒரு பக்க பிளாட்ஃபாரத்துல மட்டும் குட்டி கைப்பிடி ஒண்ணு இருக்கு, சுத்தலாம், ஆனா கீழ ஒண்ணுத்தோடயும் சேரல. இன்னொரு பக்கம் கைப்பிடியே இல்ல. "கடைசி ஸ்டாப்ல டிராம திருப்ப மாட்டாங்க, குதிரையத்தான் அவுத்து இந்தப் பக்கம் கொண்டாந்து மாட்டுவாங்க, அப்போ ஓட்டுறவனும் இந்தப் பக்கம் வந்துருவான், அவன் எத புடிச்சு நிறுத்துவான்?" கேட்டதும் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் 16 படியையும் ரசிச்சேன், இத பாக்கல.

அதுக்கப்புறம்தான் அடுத்தது கண்ணுல பட்டுச்சு. குதிரைய அவுத்து மாட்டவே முடியாது! ஜட்கா வண்டிக்கு இருக்கற மாதிரி ரெண்டு ஏர்க்கால் வண்டியில இருந்தே நீளமா வந்து குதிரையோட ரெண்டு பக்கமும் பின் போட்டு இறுக்கியிருக்கு, அதுவும் ஒரே ஒரு முனையில. ஜட்காவுக்கு அது சரி, வண்டி குதிரை போற பக்கம் திரும்பணும், பாரத்துல கொஞ்சம் குதிரை மேலயும் சாயும். தண்டவாளத்துல போற வண்டிக்கு எதுக்கு? திரும்புறத தண்டவாளம் பாத்துக்கும், பாரத்த சக்கரம் பாத்துக்கும், இரும்பு மேல இரும்பு சக்கரம் உருளுறதால ரோட்டுல இழுக்கறத விட பல மடங்கு பாரத்த அதே குதிரை இழுத்துரும், டிராம் வந்த காரணமே அதானே. குதிரை முன்னாடி இழுத்தா போதும். ரெண்டு பக்கமும் சங்கிலி வரும், பின்னால ஒரு குறுக்குக் கட்டையில மாட்டும், கட்டை வண்டியோட கொக்கியில மாட்டும், அவ்ளோதான். இந்த செட்டுல ஏர்க்கால் இறுக்கமா இருக்கறதால வளைவுல குதிரை ஒரு பக்கம் போகுது, முன் சக்கரம் தண்டவாளத்த விட்டு ஏறிருது. பத்து தடவ தள்ளுனா ஏழு தடவ தடம் புரளுது. படத்துல நிறுத்தி வச்சிருக்கறதால வாங்குறப்போ தெரியாது.

குதிரையும் அப்படித்தான். ஒரு ஞாயித்துக்கிழமை ஊட்டி போனப்போ பொண்ணு குதிரைய பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டா, லேக் பக்கம் குதிரை சவாரி விடுற ஒரு பாய்கிட்ட காட்டுனா. அவர் வாங்கி நல்லா திருப்பி பாத்துட்டு சொன்னாரு, "அக்கா, பட்டை தொண்டையில நிக்குது பாருங்க, இழுக்க இழுக்க மூச்சு அடைக்கும். நெஞ்சுக்கும் தோளுக்கும் பாரம் வர்ற மாதிரி இறக்கிப் போடணும்." பொம்மைதானேன்னு அவர் விடல, நானும் விடல. பட்டை தனி பீஸ்தான், ஒரு சுத்து தளர்த்தி கீழ இறக்கிட்டேன்.

அடுத்து பொண்ணு கேட்டது, இத மேட்டுல விட்டா என்ன ஆகும்னு. கேரம் போர்டுக்கு ஒரு பக்கம் தலகாணி குடுத்து தூக்கி, தண்டவாளத்த அது மேல போட்டோம். ஏர்க்கால கழட்டிட்டு நூல் கட்டியிருந்தேன், மேல ஏத்தி இறக்கத்துல விட்டதும் வண்டி குதிரைய விட வேகமா உருண்டு வந்து குதிரை பின்னங்கால்ல மோதி சாச்சிருச்சு. மாமா எந்திரிச்சு பக்கத்துல வந்துட்டாரு. "இதுக்குத்தான் பிரேக்கு. ஏத்துறது குதிரை வேலை, இறக்குறது பிரேக் புடிக்கிறவன் வேலை." எங்க மலை ரயில்ல அடிவாரத்து கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் 12.5 அடிக்கு ஒரு அடி ஏத்தம், அதுக்குத்தான் நடுவுல பல் சக்கரத்துக்கு தனி தண்டவாளம், இன்ஜின் கீழ் பக்கம் நின்னு தள்ளும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு. 1899-ல குன்னூர் வரைக்கும் ரயில் வந்ததுல இருந்து மலையில இறக்கம்னா பிரேக்தான் பேச்சு. மாமா அதுலயே வாழ்ந்தவர், அவர் சொன்னப்போ நான் குறுக்க பேசல.

இப்போ எங்க வண்டி எப்படி இருக்குன்னா, ஏர்க்கால் ரெண்டையும் எடுத்துட்டேன். மார்க்கெட்ல கவரிங் கடையில மெல்லிசா ஒரு செயின் 60 ரூபாய்க்கு வாங்கி ரெண்டா வெட்டி, நாலு குமிழ் நீள கம்பி பீஸ குறுக்குக் கட்டையா வச்சு, ரெண்டு முனையிலயும் கொக்கி போட்டேன். வளைவுல இப்போ புரள்றதே இல்ல. பிரேக்க மாமா பண்ணாரு. பழைய சைக்கிள் டியூப்ல நகக்கண் அளவு வெட்டி, அச்சுக்கு மேல ஒரு நெம்புகோல் பீஸ்ல ஒட்டி, கைப்பிடிய சுத்துனா அது சக்கரத்துல போய் அழுந்தும். நிஜ வண்டியிலயும் கைப்பிடிய சுத்துனா சங்கிலி சுத்திக்கிட்டு பிரேக் கட்டைய சக்கரத்துல அழுத்தும், கிட்டத்தட்ட அதே வேலை. ரெண்டு முனைக்கும் தனித்தனியா போட்டுருக்காரு, இன்னொரு கைப்பிடி என் பழைய டப்பாவுல கிடைச்சுது. அதே இறக்கத்துல இப்போ பாதி வழியில நிக்குது.

ஸ்டிக்கர் மோசம், எங்க ஊர் ஈரத்துக்கு ரெண்டே வாரத்துல நம்பர் பிளேட் எல்லாம் ஓரம் சுருண்டுருச்சு, எடுத்துட்டேன். பிளாக்ஸ் பிடிப்பு நல்லா இருக்கு, எத்தனை தடவ கழட்டுனாலும் லூஸ் ஆகல.

ஷோகேஸ்ல வைக்க மட்டும் வேணும்னா 3,400-க்கு தாராளமா வாங்கலாம், அந்த படிக்கட்டுக்கே குடுக்கலாம். தண்டவாளத்துல ஓட்டணும்னா செயினுக்கும் கொக்கிக்கும் ஒரு 100 ரூபாயும் ஒரு சாயங்காலமும் தனியா எடுத்து வச்சுக்குங்க. எட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க தனியா கட்ட முடியாது.

எனக்கு இப்போ இன்னொரு குதிரை வேணும். மேடு வர்ற இடத்துல நிஜமாவே கூடுதலா ஒரு குதிரைய கொண்டாந்து மாட்டி, மேல ஏறுனதும் அவுத்து விடுவாங்க, பொண்ணு அத கேரம் போர்டுல பண்ணிப் பாக்கணும்னு நிக்கிறா. பிரவுன் கலர் குதிரை பீஸ் மட்டும் தனியா எங்கயாவது கிடைக்குதுன்னா சொல்லுங்க.