குறுவை ரகமா, சம்பா ரகமா: பூக்கும் நாளைக் குறிப்பது வெப்பமா, பகலின் நீளமா?

தஞ்சை டெல்டாவில் முன்பு நெல்லில் உடு சாகுபடி என்று ஒன்று இருந்தது. குறுகிய காலக் குறுவை விதையையும் நீண்ட கால ஒட்டடையான் ரக விதையையும் கலந்து ஒரே வயலில் இடுவார்கள். குறுவை முதலில் பூத்து அறுவடையாகும். அதோடு சேர்த்து அறுபட்ட ஒட்டடையான் மறுபடி துளிர்த்து, தை மாதவாக்கில் கதிர் முற்றும். மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான். குறுவைப் பயிர் தன் மேல் சேர்ந்த வெப்பத்தை வைத்துப் பூத்தது; ஒட்டடையான் பகல் குறுகக் காத்திருந்தது.

தஞ்சாவூரில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 30 நிமிடம். ஒளி உணர்வுள்ள சம்பா ரகங்களுக்கு இந்த ஒன்றேகால் மணி வித்தியாசமே போதும். விதைப்பு முன்பின் ஆனாலும் அவை பூக்கும் தேதி அதிகம் நகராது. தழை வளரும் காலம்தான் நீளும், சுருங்கும். ஜூனில் விதைத்தால் ஆளுயரம் வளர்ந்து சாயும். அக்டோபரில் விதைத்தால் தூர் (பக்கத் தண்டுகள்) கட்டுவதற்குள் கதிர் வந்துவிடும். தெருவிளக்கு வெளிச்சம் இரவு முழுக்க விழும் இடத்தில் மட்டும் கதிர் வராமல் பச்சையாகவே நின்றால், அந்த ரகம் பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டது என்று பொருள்.

ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 போன்ற குறுகிய கால ரகங்கள் பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் ஜூனில் தொடங்கும் குறுவையிலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நவரையிலும் அவற்றையே விதைக்க முடிகிறது. ஆனால் 110 நாள் என்று சொல்வதை நாள்காட்டிக் கணக்காக எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். பயிர் எண்ணுவது நாளை அல்ல, சேரும் வெப்பத்தை. அன்றன்றைய சராசரி வெப்பத்தில் 10 டிகிரியைக் கழித்து, மிச்சத்தை நாள்தோறும் கூட்டிப் பாருங்கள். சராசரி 30 டிகிரி உள்ள குறுவை நாற்றங்காலில் 20 நாளில் 400 சேரும். 25 டிகிரி உள்ள மார்கழியில் அதே 400 சேர 27 நாள் ஆகும். குறுவையில் 30 நாள் தாண்டிய நாற்றை நடுவது பெரிய தவறு. வேர் பிடித்த கையோடு கதிர் உருவாகத் தொடங்குவதால் தூரும் குறையும், கதிரும் சிறுக்கும். நவரையில் 25 நாள் நாற்று இன்னும் இளசுதான்.

இதே காரணத்தால் யூரியாவை நாள் எண்ணி இடக்கூடாது. கதிர் உருவாகும் பருவம் குறுவையில் விதைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 45ஆம் நாள், குளிரில் தள்ளிப்போகும். தாய்த்தூரை அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்தால், கடைசிக் கணுவுக்கு மேல் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் பஞ்சு போன்ற வெண்ணுனி தெரியும். உரமிடும் நாள் அதுதான். அதிலிருந்து பூக்க ஏறக்குறைய 30 நாள், பூத்தபின் முற்ற இன்னொரு 30 நாள். இந்த இரண்டும் ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவதில்லை. வேறுபாடு முழுவதும் அதற்கு முந்தைய வளர்ச்சிக் காலத்தில்தான். நேரடி விதைப்பில் நடவு அதிர்ச்சி இல்லாததால் 7 முதல் 10 நாள் முன்னதாகவே பூக்கும்.

ஆபத்து எங்கே என்று பார்த்தால், குறுகிய கால ரகத்தில் விதைப்பு தள்ளிப்போனால் பூப்பும் கூடவே தள்ளிப்போகும். ஜூன் முதல் பாதியில் விதைத்தது ஆகஸ்ட் கடைசியில் பூத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் களத்துக்கு வந்துவிடும். ஜூலை கடைசியில் விதைத்தது அக்டோபர் நடுவில் பூத்து, அறுவடை மழையில் மாட்டும். நவரையில் எதிரி வெயில். நெற்பூ விரியும் முற்பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். டிசம்பர் நடுவில் விதைத்தது மார்ச்சில் பூத்துத் தப்பிக்கும். ஜனவரி கடைசியில் விதைத்தது ஏப்ரல் வெயிலில் பூக்கும்.

ஆற்றில் தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில், ஆகஸ்ட் விதைப்புக்குக் குறுகிய கால ரகத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சம்பா ரகம் மழை ஓயும் நேரத்தில்தான் பூக்கும். குறுவை ரகத்துக்கு அந்தக் காவல் கிடையாது. கையிலிருக்கும் விதை எந்த வகை என்று தெரியாவிட்டால், 15 நாள் இடைவெளியில் மூன்று தொட்டிகளில் விதையுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூத்தால் அது சம்பா வகை. அதே 15 நாள் இடைவெளியிலேயே பூத்தால் குறுவை வகை.