கட்டடமா, நகரமா?

வேல்ஸ்காரரான இயக்குநர் காரெத் எவன்ஸ், இந்தோனேசியாவில் 2009-இல் ‘மெரந்தாவ்’ படத்தை முடித்த கையோடு எடுக்க நினைத்தது ‘பெரண்டால்’. சிறை, தாதாக்கள், ஜகார்த்தா முழுக்க விரியும் பகை. காசுதான் சேரவில்லை. வேறு வழியின்றி எழுதியது ‘தி ரெய்டு’: ஒரே அடுக்குமாடி, உள்ளே மாட்டிக்கொண்ட போலீஸ் படை. செலவு சுமார் 11 லட்சம் டாலர்.

‘பெரண்டாலில்’ சேறு நிரம்பிய சிறை முற்றத்தில் பெருங்கூட்டம் புரள்கிறது. ‘தி ரெய்டி’ல் குறுகலான நடைபாதை, உடைந்த கதவின் கூர்முனையில் ஒருவன் கழுத்து. எனக்கு அந்த நடைபாதைதான் பிடிக்கும், மூச்சு முட்டுகிறது. 2011-இல் வந்த ‘தி ரெய்டு’ நன்றாக ஓடியதால்தான் கிடப்பில் கிடந்த ‘பெரண்டால்’, 2014-இல் அதன் இரண்டாம் பாகமாகத் திரைக்கு வந்தது. நீளம் இரண்டரை மணி நேரம், கொஞ்சம் கத்தரித்திருக்கலாம்.