டிராக் ரேஸ் போஸ்டர் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

பைக் டிராக் ரேஸ் (drag race, நேர் ரோட்டில் இரண்டு வண்டிகள் சேர்ந்து கிளம்பி யார் முதலில் என்று பார்க்கிற போட்டி) ஓட்டுகிறவர்களும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் போட்டி என்று இன்ஸ்டாகிராமில் போஸ்டர் போட்டு, ஒரு கிளாஸுக்கு (வண்டிப் பிரிவுக்கு) 4,500 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். அங்கே ஒரு பையனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் அடுத்த போஸ்டர் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

402 மீட்டர் டிராக் (track, ஓடுபாதை), எலக்ட்ரானிக் டைமிங், கிளம்பச் சொல்லும் ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ விளக்குக் கம்பம், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் உண்டு என்று போஸ்டர் சொன்னது. மூலையில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கிற அமைப்பு) சின்னம் வேறு. போய்ப் பார்த்தால் ஆந்திர எல்லைப் பக்கம் பிளாட் போட்டு விற்கிற ஒரு லேஅவுட். நடுவில் புதுசாகப் போட்ட தார் ரோடு, அதன் மேல் எம்-சாண்ட் தூள். கிளட்சை விட்ட உடனே பின் டயர் பக்கவாட்டில் போனது. பெருக்கச் சொன்னோம், ஆள் வருகிறார் என்றார்கள். கடைசிவரை யாரும் வரவில்லை.

வண்டிச் சோதனை என்று ஒரு மேஜை இருந்தது. ஹெல்மெட்டை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஜீன்ஸும் டிஷர்ட்டுமாக வந்த பையன்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். விழுந்தால் இன்ஜின் தானே நிற்பதற்கு மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு பாதிப் பேரிடம் இல்லை. அதே மேஜையில் ‘டிரான்ஸ்பாண்டர் டெபாசிட்’ என்று இன்னும் 1,000 ரூபாய் வாங்கினார்கள். சுற்றிச் சுற்றி ஓடுகிற சர்க்யூட் ரேஸில் லேப் (சுற்று) எண்ண வண்டியில் மாட்டும் அந்தக் கருவி வேண்டும். டிராக் ரேஸில் நேரத்தை அளப்பது பாதையின் குறுக்கே போகும் ஒளிக்கற்றைகள். கருவியையும் தரவில்லை, டெபாசிட்டையும் திருப்பித் தரவில்லை.

டைமிங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதுப் பையன்களை இதில்தான் சுலபமாக ஏமாற்றுகிறார்கள். முறையான டிராக்கில் தொடக்கக் கோட்டில் ஏழு அங்குல இடைவெளியில் இரண்டு ஒளிக்கற்றைகள் இருக்கும். முன் டயர் முதலாவதை மறைத்தால் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு, இரண்டாவதை மறைத்தால் ஸ்டேஜ் விளக்கு எரியும். அப்புறம்தான் மஞ்சள், பச்சை. பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு, அந்த ஓட்டம் போச்சு. பச்சை விழுந்ததிலிருந்து டயர் ஒளிக்கற்றையை விட்டு விலகும்வரை ஆவது ரியாக்‌ஷன் டைம். அங்கிருந்து முடிவுக் கோடு வரை ஆவது ஈ.டி. (elapsed time, ஓட்ட நேரம்). இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஈ.டி. கொஞ்சம் கூடுதலாக எடுத்தவன்கூட, சீக்கிரம் கிளம்பியதால் முதலில் வந்து ஜெயிக்கலாம்.

அங்கே விளக்கும் இல்லை, ஒளிக்கற்றையும் இல்லை. ஒருவர் கொடி அசைத்தார், முடிவுக் கோட்டில் ஒருவர் செல்போன் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். ஆனால் மாலையில் ஒட்டிய ரிசல்ட் தாளில் ஒவ்வொருவருக்கும் மூன்று தசமம்வரை ஈ.டி., கூடவே ரியாக்‌ஷன் டைமும் இருந்தது! கொடி அசைத்து விடும் ஓட்டத்தில் ரியாக்‌ஷன் டைமை எதை வைத்து அளந்தார்கள்? கட்டைவிரலால் அமுக்கும்போதே 0.2 நொடி முன்னே பின்னே போகும். 0.05 நொடியில் முடிவாகிற ஓட்டங்கள் இவை. கேட்டதற்கு, ‘நடுவர் முடிவே இறுதி’ என்று ஃபாரத்தில் நாங்கள் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். மூன்று கிளாஸில் கோப்பை போனது ஏற்பாட்டாளரின் சொந்த ஒர்க்‌ஷாப் வண்டிகளுக்கு.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் வண்டியை நிறுத்த இருந்த தூரம் சுமார் 150 மீட்டர். அதற்குப் பிறகு ரோடு முடிந்து ஜல்லிக் குவியல். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 39 மீட்டர் ஓடும். மணல் கிடக்கிற ரோட்டில், லேசான முன் டயரும் பழைய டிரம் பிரேக்கும் உள்ள ஆர்.எக்ஸ். 100-ஐ அந்த இடத்துக்குள் எப்படி நிறுத்துவது? ஞாயிறு காலை சேலத்துத் தம்பி ஒருவன் அந்தக் குவியலில்தான் போய் விழுந்தான். ஆம்புலன்ஸ் என்று நிறுத்தியிருந்த ஆம்னி வேனில் ஸ்ட்ரெச்சரும் இல்லை, ஆளும் இல்லை. 108-க்குப் போன் போட்டது போட்டிக்கு வந்த பையன்கள். அவன் அம்மா போனில் கேட்ட கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. மதியத்துக்குள் போலீஸ் வந்து போட்டியை நிறுத்தியது. அரசு அனுமதிக் கடிதம் கேட்டார்கள், ஏற்பாட்டாளரிடம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் அனுமதியில்லாமல் ரேஸ் ஓட்டினால் மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம். ஓட்டுகிறவனுக்கும் சேர்த்துத்தான். எங்களை எச்சரித்து அனுப்பியது அந்த அதிகாரியின் பெரிய மனசு.

அந்தத் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கிருந்தும் ஒரு பைசா வரவில்லை. நம் சாதாரண வண்டி பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் விலக்கு. உங்கள் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படித்துப் பாருங்கள்.

ஆகவே, அடுத்த போஸ்டர் கண்ணில் பட்டால் சின்னத்தைப் பார்த்து நம்பாதீர்கள். பர்மிட் எண் கேளுங்கள், போட்டி விதிமுறைப் புத்தகம் கேளுங்கள், இரண்டையும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யிடமே மெயில் போட்டுச் சரிபாருங்கள். முறையான போட்டி என்றால் உங்களிடம் ரேஸ் லைசென்ஸ் கேட்பார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இடத்தின் பெயரைச் சொல்லாமல் ‘முந்தின நாள் லொகேஷன் அனுப்புவோம்’ என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை மாதிரி முறையான டிராக்கில் போட்டி நடத்துகிறவர்களுக்கு இடத்தை மறைக்க எந்த அவசியமும் இல்லை.

எங்களோடு வந்து பணம் இழந்தவர்கள் யு.பி.ஐ. ரசீது, போஸ்டர் ஸ்கிரீன்ஷாட், ரிசல்ட் தாளின் போட்டோ மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போகலாம். சேர்ந்து போட விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்தத் தம்பியின் வீட்டாரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.