நாலு ரோடு கண்ணாடி கடை: கடைக்கு 3 ஸ்டார், டெஸ்ட் பண்ண பொண்ணுக்கு 5

எங்கப்பாவுக்கு வயசு 52, சேலம் பனங்காடு பக்கம் வெள்ளி கொலுசு பட்டறையில முப்பது வருஷமா பத்த வைக்கிற வேலை, அதாவது கொலுசுல மணிய சூடு காட்டி ஒட்டறது. ரெண்டு வருஷமா பழைய பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்துல வாங்குன 150 ரூவா ரெடிமேட் கண்ணாடியதான் மாட்டிட்டு இருந்தாரு, ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், போன மாசம் கொலுசுல மணி எடம் மாறி ஒட்டி ரெண்டு தடவை சரக்கு திரும்பி வந்துருச்சு, அதுக்கப்புறம்தான் மனுசன் "சரி வா, எங்கயாச்சும் காட்டலாம்"னு எறங்கி வந்தாரு.

நாலு ரோடு பக்கத்துல ஒரு கடைக்கு போனோம். பேரு போடல, ஏன்னா கொற சொல்லப் போறேன். கடை இருக்கறது மொத மாடியில, படி செங்குத்தா இருக்கு, புடிச்சுக்க கம்பி கூட கெடயாது. கண்ணு சரியா தெரியாதவங்கதானய்யா வருவாங்க, யோசிக்க வேணாமா? பில்லுல இருக்கற எழுத்த படிக்கறதுக்கே ஒரு கண்ணாடி வேணும்.

டெஸ்ட் பண்ணது ஒரு ஸ்டூடன்ட் பொண்ணு. ஆப்டோமெட்ரின்னு கண்ண டெஸ்ட் பண்ணி பவர் பாக்கற நாலு வருஷ படிப்பு, கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்புக்கு வந்துருக்கு. ஐயோ கத்துக்குட்டி கையில மாட்டிகிட்டோமேன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா அது எழுத்து போர்டு பக்கமே போகல, "அப்பா நீங்க என்ன வேலை பாக்கறீங்க, கொலுச எவ்ளோ தூரத்துல புடிப்பீங்க, புடிச்சு காட்டுங்க"ன்னு கேட்டுச்சு. இவரு கைய மூஞ்சி கிட்ட கொண்டு போனாரு, டேப் வச்சு அளந்தா 28 சென்டிமீட்டர். பேப்பர் படிக்கறவங்க 40ல புடிப்பாங்களாம், அதுக்கு இவருக்கு ஒன்னே முக்கால் போதும், பட்டறைக்கு ரெண்டரை வேணும்னு லென்ச மாத்தி மாத்தி போட்டு காட்டுச்சு. கிட்ட புடிக்க புடிக்க பவர் ஏறும்ங்கற இந்த சின்ன விஷயத்த இத்தன வருஷத்துல எங்ககிட்ட யாருமே சொன்னதில்ல.

அப்புறம்தான் கதையே. சுகர் இருக்கான்னு கேட்டுச்சு. இருக்கு, போன வாரம் 280. உடனே "இப்ப கண்ணாடி போட வேணாம்ப்பா, சுகர் ஏறி இருந்தா கண்ணுக்குள்ள லென்ஸ் தண்ணி புடிச்சு பவர் மாறி காட்டும், குறைச்சுட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க, அதுக்குள்ள கண் ஆஸ்பத்திரில விழித்திரையும் பாத்துருங்க, அது இந்த கடையில தெரியாது"ன்னுருச்சு. கல்லாவுல இருந்த ஓனர் மூஞ்சிய பாக்கணுமே, வந்த யாவாரத்த வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுதேன்னு. எனக்கும் கடுப்புதான், ஒரு நாள் லீவு போட்டு கூட்டிட்டு வந்தேனே. ஆனா ஒரு மாசம் கழிச்சு மறுபடி போனப்ப வலது கண்ணுல அரை பவர் வித்தியாசம். அன்னிக்கே போட்டுருந்தா காசு தண்டம்.

காத்துருந்த நேரத்துல அந்த பொண்ணுகிட்ட பேச்சு குடுத்தேன். சொந்த ஊரு ஏற்காட்டுல நாகலூர் பக்கம், அரசு பள்ளிக்கூடத்துல படிச்சு வந்த புள்ள. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா வந்ததாலதான் வீட்ல படிப்ப நிறுத்தலையாம், அந்த திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப இது காலேஜ் சேர்ற நேரம். பஸ் காசும் மெஸ்சும் போக மிச்சம் புடிச்சு ரெட்டினோஸ்கோப் வாங்க சேத்துட்டு இருக்கு. கண்ணுல லைட் அடிச்சு திரும்பி வர்ற வெளிச்சத்த வச்சு பவர் கண்டுபுடிக்கற கருவி, எழுத்து தெரியாத பாட்டி, பேச தெரியாத கொழந்தைன்னு யாருக்கு வேணாலும் பாக்கலாமாம்.

எதுக்கு இதுன்னு கேட்டேன். மேல எஸ்டேட்ல மிளகும் காப்பிக்கொட்டையும் பொறுக்கற பொம்பளைங்க நாப்பது வயசு தாண்டினா கிட்ட பார்வை மங்கி தடவி தடவி பொறுக்கறாங்களாம். ஒரு கண்ணாடிக்கு 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் வரணும், டெஸ்டுக்கு ஒரு நாள், வாங்க இன்னொரு நாள், ரெண்டு நாள் கூலி போச்சு. "கண்ணாடி வெலைய விட கூலி ஜாஸ்திண்ணா, அதான் யாரும் வர்றதில்ல." மதுரையில 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இப்ப கிராமங்கள்ல சின்ன சின்ன பார்வை மையம் நடத்துது பாருங்க, அங்க டெக்னீஷியன் டெஸ்ட் பண்ணுவாங்க, டாக்டர் வீடியோல பேசுவாங்க, அந்த மாதிரி ஒன்னுல வேலைக்கு சேந்து மலைக்கு மேலயே உக்காரணும்னு ஆசை. இந்த படிப்பு படிச்சுட்டு பெரிய ஷோரூம்ல ஏசியில உக்காரவும் வழி இருக்கு, அது வேணாங்குது.

சரி, கண்ணாடிக்கு வர்றேன். பிரேம், லென்ஸ் எல்லாம் சேத்து 1450 ஆச்சு, ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆனதால கொஞ்சம் கம்மி. மூணு நாள்ல தர்றேன்னாங்க, எட்டு நாள் ஆச்சு, போன் பண்ணா எடுக்கல, இதுக்குதான் கடைக்கு ஸ்டார் கொறச்சேன். பட்டறை சூட்டுல வேர்த்து மூக்குல இருந்து வழுக்குது, திருப்பி கொண்டு போனப்ப அந்த பொண்ணேதான் மூக்கு பேட வளச்சு சரி பண்ணி குடுத்துச்சு, காசு வாங்கல. "நல்லா இரு கண்ணு"ன்னுட்டு படியெறங்க அப்பா என் தோள புடிச்சாரு.

சரக்கு திரும்பி வர்றது நின்னுருச்சு. இன்டர்ன் யாரையாச்சும் டெஸ்ட் பண்ண விட்டா பயப்படாம உக்காருங்க, போறப்ப சுகர் ரிப்போர்ட்டையும் நீங்க வேலை பாக்கற சாமான் ஒன்னையும் கையோட எடுத்துட்டு போங்க.