மூலிகைத் தீவனப் பொடி: 35 நாள் கொடுத்துப் பார்த்தேன்

கறிக்கோழித் தீவனத்தில் கலக்கும் மூலிகைப் பொடி ஒன்றைப் போன பேட்சுக்கு வாங்கினேன். பூண்டு, மஞ்சள், ஆரிகானோ என்ற மூலிகையின் எண்ணெய் சேர்ந்தது. "ஆன்டிபயாடிக்குக்கு மாற்று, எடை கூடும்" என்று பையில் பெரிதாகப் போட்டிருந்தது.

400 குஞ்சுகளை ஒரே நாளில் இறக்கி, கொட்டகையின் நடுவே வலை கட்டிப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டேன். தீவனம், தண்ணீர், சூடு எல்லாம் ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் பொடி. முந்தைய பேட்சோடு ஒப்பிட்டுப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குஞ்சின் தரமும் வெயிலும் ஒவ்வொரு முறையும் மாறிவிடுகின்றன.

35-ம் நாள் பக்கத்துக்கு 40 கோழிகளை நிறுத்துப் பார்த்தேன். பொடி தின்றவை சராசரியாக 1.98 கிலோ, தின்னாதவை 1.93. இந்த 50 கிராம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் எடைக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் பொடிப் பக்கம் கையில் அள்ளினால் உதிர்ந்தது. மறுபக்கம் கட்டியாக ஒட்டியது. காலையில் குனிந்தால் கண்ணை எரிக்கும் அம்மோனியா நெடியும் பொடிப் பக்கம் குறைவு. ஆரிகானோவில் இருக்கும் கார்வக்ரால், தைமால் இரண்டும் பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைப்பவை. குடல் கெடாமல் இருந்தால் எச்சம் இறுகும், கூளம் காயும், பாதத்தில் புண் வராது. கோழி வலியில்லாமல் நடப்பதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

"மாற்று" என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுதாக நிறுத்தியது. அந்த இடத்துக்கு இப்படிப்பட்ட பொடிகள் வருவது நியாயம். நோய்க்கு மருந்து இவை அல்ல. 24-ம் நாள் பொடியில்லாத பக்கம் எச்சத்தில் ரத்தம் தெரிந்தது, இரண்டு நாளில் பொடிப் பக்கமும் வந்துவிட்டது. மருத்துவர் பார்த்து ரத்தக்கழிச்சல் என்றார். உடனே தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்ததால் தப்பித்தோம். பையை நம்பிக் காத்திருந்தால் பாதி போயிருக்கும்.

கலக்கும்போது கவனம் வேண்டும். டன்னுக்கு 1 கிலோ என்றால் 50 கிலோ மூட்டைக்கு வெறும் 50 கிராம். நேரே கொட்டிக் கிளறினால் ஒரு கோழிக்கு அளவுக்கு மேல் போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. முதலில் 1 கிலோ தீவனத்தில் கலந்து, அதை 10 கிலோவில் கலந்து, அப்புறம் மீதியில் சேர்த்தேன். முதல் இரண்டு நாள் வாசனைக்குப் பழகாமல் குஞ்சுகள் குறைவாகத் தின்றன, பிறகு சரியாகிவிட்டது.

இன்னொரு குறை: எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பையில் எங்குமே இல்லை. இரண்டாவது பையைப் பிரித்தபோது வாசனை பாதிதான் இருந்தது. இந்த எண்ணெய்கள் காற்றில் ஆவியாகிவிடும்; எப்போது தயாரித்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் எதை நம்பிக் கொடுப்பது?

அடுத்த பேட்சுக்கும் வாங்குவேன். சதவீதமும் தேதியும் அச்சிட்ட பை கிடைத்தால் மட்டும். அதுவும் முதல் 21 நாளுக்கு.