உப்புத் தண்ணியில் இன்ஜின் கழுவிய மூன்று வருஷம்

ஆரணியிலிருந்து மச்சான் போன் பண்ணினான். "இன்னா மாமா, உங்க வண்டி பானெட்டைத் தொறந்தா புது வண்டி மாதிரி கீது. நானும் வூட்லயே கழுவலாமா?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று, நாலு ஸ்பார்க் பிளக், கூலி என்று நாலாயிரத்துச் சொச்சம் அழுதுவிட்டு வந்திருந்தேன். "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். இது அந்த அப்புறம்.

வண்டி 2014 பெட்ரோல் ஸ்விஃப்ட். வீட்டில் கழுவ ஆரம்பித்ததே ஒரு வாட்டர் சர்வீஸ்காரர் மேல் வந்த கோபத்தில்தான். எண்ணெய் அழுக்கு போக டீசலை ஸ்ப்ரே அடித்து, மேலே பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சிக் கொடுத்தார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. நாலு நாள் ஏசி போட்டாலே உள்ளே டீசல் நாற்றம். ரேடியேட்டர் ஹோஸ் ரப்பருக்கும் டீசலுக்கும் ஆகாது, ஊறி உப்பிவிடும். சூடான இன்ஜின் மேல் அடித்தால் தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

என் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை ஆறு மணி, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் மூன்றுக்கும் பாலிதீன் கவர். முதலில் ப்ளோயர். வைப்பர் அடியில் சேரும் வேப்பஞ்சருகும் காட்பாடி பக்கம் போய் வந்தால் ஏறும் புழுதியும் அதிலேயே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீஸர் (தண்ணீர் கலந்தது), பெயின்ட் பிரஷ், ஈரத்துணி. இன்ஜின் பிளாஸ்டிக் மினுங்க டயர் பாலிஷ் அடிக்கிற ஆசையில் ஒருமுறை ஃபேன் பெல்ட் மேலும் பட்டு, ஒரு வாரம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சிட்டது. இப்போது துணியில் தொட்டுப் பிளாஸ்டிக்கில் மட்டும் தேய்க்கிறேன்.

பிரச்சினை வெள்ளைப் புள்ளி. வேலூரில் எங்கள் சத்துவாச்சாரி தெரு போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. கழுவித் துடைத்து நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிடும். தண்ணீர் ஆவியாகும், அதிலிருக்கிற சுண்ணாம்புச் சத்து அப்படியே கறுப்புப் பிளாஸ்டிக்கில் திட்டுத் திட்டாக உட்கார்ந்துவிடும். பாலிஷ் போட்டால் மறையும். ஆகா என்று நினைப்போம். இரண்டு நாளில் பாலிஷ் காய்ந்ததும் திருநீறு பூசின மாதிரி மறுபடி எட்டிப் பார்க்கும். தண்ணீர் கலந்த வினிகர் தொட்டுத் துடைத்தால் போகிறது. ஆனால் பக்கத்து அலுமினியத்தில் பட்டால் அது மங்கிப்போகும், குச்சியில் பஞ்சு சுற்றி ஒவ்வொரு புள்ளியாகத் தொட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை இப்படியா செலவழிப்பது?

இதற்கு மருந்து வீட்டுக்குள்ளேயே இருந்தது, கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதில் உப்பு இல்லை. வெளியே தொங்கும் டியூபுக்கு அடியில் பக்கெட் வைத்தால் மழைக்காலத்தில் ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட் சேரும். அக்னி நட்சத்திரத்துக் காய்ந்த காற்றில் கால் பக்கெட் தேறினால் அதிகம். துணி நனைக்க அது போதும். முதல்முறை ஒரு புள்ளிகூட இல்லாமல் காய்ந்தபோது வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. (இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதையே ஊற்றலாம் என்பார்கள். கேட்காதீர்கள். ஏசி காயிலில் இருக்கும் தூசியும் உலோகத் துகளும் சேர்ந்துதான் வரும்.)

கையால் துடைப்பதில் இன்னொரு லாபம், எல்லாம் கண்ணில் படும். இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரின் பேக்கிங்கில் எண்ணெய் கசிந்ததை ஆரம்பத்திலேயே பிடித்தேன். பேட்டரி தட்டில் எலிப் புழுக்கையும், பக்கத்தில் பாதி கடித்த வயரும் கிடைத்தன. டேப் சுற்றி, புகையிலை கட்டித் தொங்கவிட்டேன். அழுக்கு இன்ஜினில் இதெல்லாம் தெரிந்திருக்காது.

சரி, நாலாயிரம் எப்படிப் போனது? மறுநாள் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும், பக்கெட்டில் ஏசி தண்ணீர் இல்லை. "ஒரு தடவைதானே" என்று போர் தண்ணி ஹோஸைப் பிடித்தேன். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் இறங்கியது தெரியவில்லை. காலையில் வாலாஜா தாண்டுவதற்குள் வண்டி குலுங்கியது, செக் இன்ஜின் விளக்கு மினுக்கியது. எப்படியோ உருட்டிக்கொண்டு திரும்பினேன். மெக்கானிக் இக்னிஷன் காயிலைப் பிடுங்கிக் காட்டினார். ரப்பரைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அதே உப்பு. உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரம் சுலபமாக ஓடும், ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிட்டது. முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. ஆனால் கோபம் வருகிறதே, போர் தண்ணி மேல்!

மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் "வேணாம்டா, ப்ளோயர் மட்டும் அடி, போதும்" என்று அனுப்பினேன். "அப்போ உங்க பிரஷ், டீகிரீஸர் எல்லாம் எனக்குக் குடுத்துடுங்க மாமா" என்று பதில் வந்தது. அதெல்லாம் தர முடியாது.