ஆஸ்கர் தர மறுத்த கொளத்தூர் கடை

சென்னை கொளத்தூரில் கலர் மீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றரை வருஷமாக நான் போய்வருவது அதில் ஒரே ஒரு கடைக்கு. வாசல் அகலம் எட்டடிகூட இருக்காது. ஆனால் உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மூன்று அடுக்காகத் தொட்டிகள். ஆஸ்கர், ஏஞ்சல் மாதிரி சிக்லிட் குடும்பத்து மீன்களை வளர்க்க நினைக்கிறவர்கள் இந்தக் கடைக்கு ஏன் போகலாம், போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தையல் வேலை செய்கிறேன். மிஷினுக்கு எதிரே சுவரோரம் நான்கடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர். முதலில் வீட்டுப் பக்கத்தில் ஒரு கடையில் மீன் வாங்கினேன். கட்டைவிரல் அளவு ஆஸ்கர் ஒன்று, ஏஞ்சல் நான்கு, நியான் டெட்ரா பத்து. "எல்லாம் ஒண்ணா இருக்கும்மா" என்றார்கள். ஒரு மாதத்தில் டெட்ரா ஆறு காணோம். செத்து மிதக்கவும் இல்லை, காணவே இல்லை. ஆறு மாதத்தில் ஆஸ்கர் என் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது. ஏஞ்சல்களின் வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து என்னால் தைக்க முடியவில்லை.

கொளத்தூர் கடைக்கு முதல்முறை போனபோது, ஆஸ்கருக்குத் துணையாக இன்னொரு ஆஸ்கர் கேட்டேன். கடைக்காரர் மீனைக் காட்டவில்லை. "அக்கா, தொட்டி எத்தனை அடி? உள்ள இப்ப என்னென்ன இருக்கு?" என்றுதான் கேட்டார். போனில் படம் காட்டினேன். "இது ஒரு அடி வளர்ற மீன். உங்க தொட்டிக்கு இந்த ஒண்ணே அதிகம். ரெண்டாவது நான் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கையில் பணத்தோடு நிற்கும் ஆளிடம் இப்படிச் சொன்ன கடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுவாரம் ஆஸ்கரையும் ஏஞ்சல்களையும் அவரே எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்கு வேறு மீன் தந்தார். எங்கள் வீட்டு போர் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தார். பிஎச் 8, அதாவது லேசான காரம்; சுண்ணாம்பு ஏறிய நல்ல கடினத் தண்ணீர். ஆஸ்கரும் ஏஞ்சலும் அமேசான் பக்கத்து மென்தண்ணீர் மீன்கள். கடினத் தண்ணீர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குத்தான் பொருந்தும் என்றார். அந்த ஏரி மீன்களில் எலக்ட்ரிக் எல்லோ எட்டு, ரஸ்டி ஆறு, அடியில் திரிய பிரிஸில்நோஸ் என்ற சின்ன சக்கர் மீன் இரண்டு எடுத்துக் கொடுத்தார். எல்லோ குஞ்சு ஒன்று அப்போது 70 ரூபாய். சாதாரண சக்கர் மீன் விலை குறைவுதான், ஆனால் அதுவும் ஒரு அடிக்கு மேல் வளரும் என்று தவிர்த்துவிட்டார்.

மூன்று நான்கு போதாதா என்று கேட்டேன். மூன்று இருந்தால் வலுத்தது ஒன்று, இளைத்த ஒன்றையே துரத்தித் துரத்திக் கொன்றுவிடுமாம். பதினாலு இருந்தால் அடி பங்காகிவிடும், ஒன்றே மாட்டிக்கொண்டு சாகாது. கோடு போட்ட ஆரட்டஸ் அழகாக இருக்கிறதே என்று கை காட்டினேன். அதுவும் மலாவிதான், ஆனால் மகா சண்டைக்காரன், இந்தச் சாதுக்களோடு வேண்டாம் என்றார். கல்லைக் குகை குகையாக அடுக்கி, புது மீன் விடும்போதெல்லாம் அடுக்கை மாற்றச் சொன்னார். இடம் மாறிவிட்டால் 'இது என் எல்லை' என்று பழைய மீனால் உரிமை கொண்டாட முடியாது. நான் செய்து பார்த்தேன், பலன் தெரிந்தது.

சரி, குறைகள். தீனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பழைய வழக்கப்படி தினமும் புழுவே போட்டேன். இந்த மீன்கள் பாறையில் படியும் பாசியையும் அதில் ஒட்டிய சிறு உயிர்களையும் கொறிப்பவை. புழு அதிகமானால் வயிறு வீங்கும். இரண்டு ரஸ்டி அப்படியே போய்விட்டன. பிறகு கேட்டதும் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி எடுத்துக் கொடுத்தார். மீன் தரும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அப்புறம், வாசலில் 'கலவை ஆப்பிரிக்கன்' என்று மலிவாக ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆரட்டஸ், கலப்பினம் எல்லாம் அதில் உண்டு, வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைப் பையன்கள்தான் பதில் சொல்வார்கள், ஆளுக்கு ஒன்று. வேலை நாளில் மதியம் போனால் அவரே நிதானமாகப் பேசுவார்.

போன மாதம் ஒரு எல்லோ தீனிக்கு வரவில்லை. தாடை கீழே உப்பி, எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் உதட்டிடுக்கில் முட்டை. நம் ஏரி ஜிலேபி மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதுபோல இதுவும் காக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம்தானே. அதைத் தனி டப்பாவில் விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதினோரு குஞ்சுகள், கண்ணும் வாலுமாக. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "ஒரு அங்குலம் வந்ததும் கொண்டாங்கக்கா, நானே எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தது. நான்கை நானே வைத்துக்கொள்வேன், மீதி ஏழு அவருக்கு.